வெள்ளியில் பதித்த மொய்சனைட் நகை: துலக்குவதும் பேணுவதும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் சின்னக் கடைக்கு வட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் "கறுத்துப்போச்சு" என்றோ "மங்கிப்போச்சு" என்றோதான் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மொய்சனைட் கல்லுக்கு வீட்டில் எதுவும் ஆகாது, ஆவதெல்லாம் வெள்ளிக்குத்தான். எதைப் போட்டுத் துலக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் வெள்ளியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மொய்சனைட் என்றால் என்ன? சிர்கோனியாவுக்கு வைத்த இன்னொரு பெயரா?

இல்லை. புறக்கோட்டையில் "அமெரிக்கன் டயமண்ட்" என்று கேட்டால் எடுத்துத் தருவது சிர்கோனியா. மொய்சனைட் வேறு பொருள், அதன் வேதிப்பெயர் சிலிக்கன் காபைட். கத்தி தீட்டும் சாணைக்கற்களில் கரகரப்பாக இருப்பதும் இதே சேர்மம்தான். அதையே நிறமில்லாத தெளிந்த பளிங்காக வளர்த்துப் பட்டை தீட்டினால் நகைக்கல். பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஹென்றி முவாசான் 1893இல் அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்திலிருந்து வந்த துண்டுகளை ஆராய்ந்தபோது இதைக் கண்டார். முதலில் வைரம் என்றே நினைத்தார். சிலிக்கன் காபைட் என்று அடையாளம் கண்டது 1904இல். கல்லுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இயற்கையில் கிடைப்பது மிகச் சிறிய துணுக்குகள். நகைக்குப் பயன்படுவது முழுவதும் ஆய்வுகூடத்தில் வளர்த்தது. நகைச் சந்தைக்கு வந்தது 1998இல். "இரத்தினபுரிக் குழியில் எடுத்த மொய்சனைட்" என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பராமரிப்புக்கு வேண்டிய எண்கள் சில. மோஸ் கடினத்தன்மையில் வைரம் 10, மொய்சனைட் 9.25, நீலக்கல் 9, சிர்கோனியா 8 முதல் 8.5 வரை, வெள்ளியோ 2.5க்கும் 3க்கும் இடையில். அதாவது மோதிரத்தின் கல்லைக் கீற வீட்டில் அநேகமாக எதுவும் இல்லை. கல்லைப் பிடித்திருக்கும் வெள்ளியைக் கீற வீட்டில் இல்லாத பொருளே இல்லை.

வாங்கியபோது நெருப்பாக மின்னியது, இப்போது கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறது. கல் பழுதாகிவிட்டதா?

கல் அப்படியேதான் இருக்கிறது, அதன் முதுகில் அழுக்கு ஏறியிருக்கிறது. மொய்சனைட்டின் ஒளிவிலகல் எண் 2.65இலிருந்து 2.69 வரை, வைரத்துக்கு 2.42. வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் அளவும் வைரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த வானவில் மினுக்கம் எல்லாம், மேலே விழுந்த ஒளி கல்லின் அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி வருவதால் உண்டாவது. அடிப்பட்டையில் எண்ணெய் படிந்தால் ஒளி திரும்பாமல் அந்த வழியாக நழுவிவிடும்.

மோதிரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். கல்லின் கூம்பு நுனியைச் சுற்றி வெள்ளையாகப் பசை மாதிரி ஒன்று தெரியும். முகப்பூச்சு, சவர்க்காரம், தேங்காயெண்ணெய், மாவு பிசைந்தபோது ஏறியது எல்லாம் சேர்ந்து இறுகியது அது. தோட்டில் என்றால் சுரைப் பக்கமாகத் தலையெண்ணெயும் காது அழுக்கும். மேலே துணியால் எத்தனை தரம் தேய்த்தாலும் இது போகாது.

சரி, வீட்டில் எப்படிக் கழுவுவது?

முதலில் இடம். கை கழுவும் பேசினுக்கு மேலே ஒருபோதும் வேண்டாம். கழன்ற கல்லும் சறுக்கிய தோடும் குழாய்க்குள் போன பிறகு பிளம்பரைக் கூப்பிட்டுப் பயனில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு கிண்ணம் வையுங்கள்.

கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. குழந்தைச் சவர்க்காரத் திரவமும் போதும். பாத்திரம் துலக்கும் கட்டி வேண்டாம், அதில் உரசும் பொடி கலந்திருக்கும். நகையைப் பத்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியை எடுத்து, மோதிரத்தைக் குப்புறப் பிடித்து, கல்லின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தூரிகை முடி பிடிகளுக்கு இடையே நுழைய வேண்டும். பிடிகள் என்று இங்கே சொல்வது கல்லைக் கவ்வியிருக்கும் சின்ன வெள்ளி முனைகளை. அழுத்தித் தேய்க்காமல் குத்திக் குத்தி எடுங்கள். ஊறியும் போகாத பசையை, தண்ணீரில் நனைத்த மரப் பல்குத்தியின் நுனியால் மெதுவாகத் தள்ளிவிடலாம். ஊசி, குண்டூசி வேண்டாம். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, வெள்ளியில் கோடு விழும்.

அலசுவதும் இன்னொரு கிண்ணத்தில்தான். சவர்க்காரம் மிஞ்சினால் அதுவே அடுத்த படலம். பழைய பருத்திப் பனியன் துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் வையுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் கழுவியதே வீண். தினமும் அணியும் மோதிரத்துக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, தோட்டுக்கு மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் போதும்.

இந்த முறை முத்தோ பவளமோ கூடப் பதித்த நகைக்குப் பொருந்தாது. அவற்றை ஊறப்போடாமல் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். கல்லைப் பசையால் ஒட்டியிருந்தாலும் அப்படியே.

வெள்ளி ஏன் கறுக்கிறது? 925 என்று முத்திரை இருக்கிறதே, போலியா?

கறுப்பதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கறுப்பது வெள்ளியின் குணம். 925 என்பது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி; மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி நகை செய்ய முடியாத அளவுக்கு மென்மை, அதனால்தான் இந்தக் கலப்பு. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஐதரசன் சல்பைட் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டாகிறது. முதலில் இளமஞ்சள், பிறகு தவிட்டு நிறம், கடைசியில் கறுப்பு. கலந்திருக்கும் செம்பும் ஒட்சிசனோடு சேர்ந்து தன் பங்குக்குக் கறுக்கும்.

கொழும்பில் இதற்கு எல்லா வசதியும் உண்டு. ஈரம் வற்றாத காற்று, ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் கால்வாய். தண்ணீர் தேங்கி நாறும் கால்வாயிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை ஐதரசன் சல்பைட்டுடையதுதான். நுவரெலியாவில் இருக்கும் தங்கையின் சங்கிலி வெள்ளையாக இருக்க, கால்வாய்ப் பக்கம் வீடெடுத்த அக்காவின் சங்கிலி ஒரே மாதத்தில் மங்கினால் சங்கிலியைக் குறை சொல்லக்கூடாது.

அடிக்கடி அணியும் வெள்ளி பெட்டியில் கிடக்கும் வெள்ளியைவிட மெதுவாகத்தான் கறுக்கும். உடையும் தோலும் உரசிக்கொண்டே இருப்பதால் படலம் தடிக்க நேரம் கிடைப்பதில்லை. விசேஷத்துக்கென்று பூட்டி வைத்துவிட்டு, கலியாண வீட்டுக்கு முதல்நாள் இரவு எடுத்துப் பார்த்துப் பதறுபவர்கள்தான் அதிகம்.

அக்கா, நான் போட்டால்தான் வெள்ளி கறுக்கிறது, என் சிநேகிதிக்குக் கறுப்பதில்லை. உடம்பில் ஏதாவது குறையா?

குறை ஒன்றும் இல்லை. நாவூறும் இல்லை. ஒவ்வொருவரின் வியர்வையில் இருக்கும் உப்பும் அமிலத்தன்மையும் வேறு வேறு. பூசும் களிம்பும் வாசனைத் திரவியமும் வேறு. பருவுக்கும் பொடுகுக்கும் போடும் சில மருந்துகளில் கந்தகம் இருக்கும், அது வெள்ளியை ஒரே இரவில் கறுக்க வைக்கும். சிநேகிதியின் நகைக்கு ரோடியம் என்ற கறுக்காத வெள்ளை உலோகம் பூசியிருக்கவும் கூடும். தோலில் கறுப்புக் கோடு விழுந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். அரிப்பும் சிவப்பும் வந்தால் கதை வேறு: கலப்பில் நிக்கல் இருக்கலாம், கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

விபூதி, பற்பசை, தேசிக்காய், பழப்புளி, இதில் எது நல்லது?

எங்கள் பதிலைக் கேட்டு மாமிமார் கோபிக்கும் கேள்வி இது. சாமியறைக் குத்துவிளக்கையும் வெள்ளித் தட்டையும் விபூதி போட்டுத் துலக்கிய வீடுகளில்தான் நாங்களும் வளர்ந்தோம். கனத்த வெள்ளிச் சாமானுக்கு அது சரி. ஒவ்வொரு துலக்கலிலும் கொஞ்சம் வெள்ளி போனாலும், போவதற்கு அங்கே நிறைய இருக்கிறது. ஒரு மோதிரத்தின் பிடி அரிசி முனையிலும் சிறியது. அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் ஒருநாள் கல் கையோடு வரும். போதாதற்குக் கடையில் வாங்கும் விபூதி எல்லாம் ஒரே நைஸாக இருப்பதில்லை, பிடிகளுக்கு இடையில் அப்பிக்கொண்டால் எடுப்பதும் பாடு.

பற்பசையில் பல்லைத் துலக்கவென்றே உரசும் துகள் இருக்கிறது, சிலவற்றில் சிலிக்கா. பல்லின் மேல்தோல் தாங்கும், வெள்ளி தாங்காது. பற்பசையால் துலக்கிய மோதிரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். துலக்கிய அன்று பளிச்சென்று இருக்கும், கீறலுக்குள் அழுக்கு ஏறியதும் முன்னைவிட மங்கும்.

தேசிக்காயும் பழப்புளியும் பித்தளைக்கு நல்லவை, ஏனென்றால் அமிலம் செம்பின் ஒட்சைட்டைக் கரைக்கும். வெள்ளி சல்பைட் எலுமிச்சை அமிலத்துக்கு அசையாது. உப்பும் சேர்த்துத் தேய்த்தால் உரசலால் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீர் மட்டும் எங்களுக்குப் பிடித்தது. அதில் நுரைப்பது இயற்கைச் சவர்க்காரம், உரசும் துகள் இல்லை. எண்ணெய்ப் பசையை நன்றாக எடுக்கும், ஆனால் கறுப்பை எடுக்காது.

அப்படியென்றால் கறுப்பை எதால் எடுப்பது?

இலேசான மஞ்சளுக்கு வெள்ளி துடைக்கும் துணி போதும். மருந்தேற்றிய அந்தத் துணியை வெள்ளி நகைக் கடைகளில் கேட்டு வாங்கலாம். துணி கறுத்துப்போனாலும் வேலை செய்யும், துவைக்கக்கூடாது.

தடித்த கறுப்புக்கும், துணி போகாத சங்கிலிக் கண்ணிகளுக்கும் அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை மினுங்கும் பக்கமோ மங்கிய பக்கமோ பார்க்காமல் விரியுங்கள். நகையை அந்தத் தாளில் படும்படி வையுங்கள்; படாவிட்டால் வேலை நடக்காது. ஒரு கோப்பை சுடுதண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா என்ற கணக்கில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டியதில்லை, ஆவி பறந்தால் போதும். சிறு குமிழிகள் வரும், கூடவே முட்டை நாற்றமும். பயப்பட வேண்டாம்: வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகத்தை அலுமினியம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அந்த வாடைதான். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரி. இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்து அலசித் துடையுங்கள்.

துலக்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. துலக்கும்போது கறுத்த வெள்ளி தேய்ந்து போகிறது. இங்கே சல்பைட்டில் மாட்டிய வெள்ளி மறுபடி வெள்ளியாகி நகையிலேயே தங்குகிறது. மொய்சனைட்டுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அழகுக்காகவே பள்ளங்களைக் கறுக்க வைத்த பழமைத் தோற்ற நகைகளை இதில் போட்டால் அந்தக் கறுப்பும் போய் வெளிறிவிடும். முத்து, பவளம், பேரோசா, பசையால் ஒட்டிய கல் எதையும் போடாதீர்கள்.

கடையில் போத்தலில் விற்கும் முக்கி எடுக்கும் திரவங்களும் உண்டு. அவை வேகமானவை, அமிலம் கலந்தவை. அதில் எழுதியிருக்கும் நொடிக்கணக்கை மீறாமல் எடுத்து உடனே நன்றாக அலசுங்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு அவை தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

என் நகைக்கு ரோடியம் பூசியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வாங்கிய இடத்தில் கேட்பதுதான் நேர்வழி. தெரியாவிட்டால் நிறத்தைப் பாருங்கள்: ரோடியம் சற்றுச் சாம்பல் கலந்த, கண்ணாடி போன்ற வெண்மை, வெறும் வெள்ளியில் இலேசான இளஞ்சூடான வெண்மை இருக்கும். வெள்ளித் துணியால் ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் கறுப்புக் கோடு விழுந்தால் வெறும் வெள்ளி. ஆறு மாதம் அணிந்தும் கறுக்கவில்லை என்றால் அநேகமாகப் பூச்சு இருக்கிறது.

இது தெரிந்திருப்பது ஏன் முக்கியமென்றால், மேலே சொன்ன துணியும் முக்கி எடுக்கும் திரவமும் ரோடியம் பூசிய நகைக்குத் தேவையில்லை. அந்தப் பூச்சு பொதுவாக ஒரு மைக்ரோன்கூட இருக்காது. அது கறுக்காது, அதனால் அதைத் துலக்க ஒன்றும் இல்லை. சவர்க்காரத் தண்ணீர் மட்டும் போதும். துலக்கத் துலக்கப் பூச்சுத்தான் போகும், முதலில் மோதிரத்தின் உள்ளங்கைப் பக்கத்தில். அங்கே மஞ்சளாகவும் மற்ற இடத்தில் வெள்ளையாகவும் தெரிந்தால் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது.

கல்லின் மேல் பெற்றோல் சிந்திய தண்ணீர் மாதிரி வானவில் நிறத்தில் ஒரு படலம். சவர்க்காரத்துக்குப் போகவில்லையே?

மொய்சனைட் வைத்திருப்பவர்கள் பலரும் காணும் கறை இது. கல் கீறுப்படவில்லை. மேற்பரப்பில் மிக மெல்லிய படிவு சேர்ந்து ஒளியைச் சிதைக்கிறது, இத்தகைய கல்லில் அது எடுப்பாகத் தெரிகிறது. வெள்ளி துடைக்கும் அதே துணியால், அல்லது ஒரு பஞ்சுக்குச்சியில் மிகக் கொஞ்சம் வெள்ளிப் பொலிஷ் தொட்டு, கல்லின் மேல் முகத்தில் மட்டும் அழுத்தித் தேயுங்கள். வெள்ளியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு 9.25 கடினம் இருப்பதால் இங்கே தாராளமாக அழுத்தலாம். பிறகு வழக்கம்போல் சவர்க்காரத்தால் கழுவி அலசுங்கள்.

கல்கிசைக் கடலில் குளிக்கும்போது போட்டிருக்கலாமா? நீச்சல் குளத்தில்?

இரண்டிலும் வேண்டாம். உப்புத் தண்ணீரும் மணலும் சேர்ந்தால் வெள்ளிக்கு உரசலும் அரிப்பும் ஒன்றாக நடக்கும், அது போகட்டும். தண்ணீரில் நனைந்து குளிர்ந்த விரல் சற்றுச் சுருங்கும், அலை இழுக்கும்போது மோதிரம் போனதே தெரியாது. நீச்சல் குளத்துக் குளோரின் வெள்ளியைச் சாம்பல் நிறமாக்கும், நாள்பட்டால் பொருத்து இடங்களைப் பலவீனப்படுத்தும். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

சமையலறையில்?

வெங்காயம், உள்ளி, முட்டை, பெருங்காயம் நான்கிலும் கந்தகச் சேர்மங்கள். உரித்து அரிந்த கையோடு மோதிரத்தைத் தடவிக்கொண்டிருந்தால் கறுக்கத்தான் செய்யும். வேலை முடிந்ததும் கழுவினால் பெரிய பாதிப்பில்லை. அதைவிட மோசமானது குளியலறை கழுவும் நேரம். உடுப்பு வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு துளி பட்டாலும் வெள்ளி கரிக்கட்டியாகும். சில வேளை குழியும் விழும், குழியைத் துலக்கி எடுக்க முடியாது. கழிவறை கழுவும் அமிலமும் அப்படியே. கையுறை போட்டாலும் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். இறப்பர்க் கையுறையிலும் கந்தகம் இருக்கும்.

எங்கே, எதில் வைப்பது?

காற்றுப் புகாதபடி மூடும் சின்னப் பிளாஸ்டிக் பையில், ஒரு நகைக்கு ஒரு பை. காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் கூடப் போடுங்கள். இறப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், கம்பளித் துணியில் சுற்றாதீர்கள், செய்தித்தாளிலும் வேண்டாம். இவை எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கலாம். குளியலறை அலுமாரியில் நகை வைப்பவர்களுக்கு எங்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லை.

தனித்தனிப் பை என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மொய்சனைட் தன்னைக் காத்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பதை விடாது. அம்மாவின் நீலக்கல் மோதிரமும் உங்கள் மொய்சனைட்டும் ஒரே டப்பாவில் உருண்டால் கீறுப்படுவது நீலக்கல்தான். தங்கச் சங்கிலியின் கதி சொல்ல வேண்டியதில்லை.

கல் ஆடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் தட்டுங்கள். 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்டால் ஆடுகிறது. பஞ்சை மோதிரத்தின் மேல் இழுத்துப் பாருங்கள்: நூல் சிக்கிக்கொண்டால் அந்த இடத்தில் பிடி எழும்பியிருக்கிறது. வெள்ளி மென்மையானது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கையில் இருக்கும் மோதிரம் தினமும் அடிபடுகிறது. அதே வடிவத் தங்க மோதிரத்தைவிட இதை அடிக்கடி பார்க்கத்தான் வேண்டும். ஆடுவது தெரிந்தால் பல்லால் கடித்தோ குறட்டால் அமுக்கியோ சரிசெய்யப் பார்க்காமல், கழற்றிப் பையில் போட்டுப் பத்தரிடம் கொண்டுபோங்கள். வெள்ளிப் பிடி ஒருமுறை வளைந்தால் நிமிர்த்தலாம், அடிக்கடி வளைந்தால் முறியும்.

மீயொலிக் கருவியில் கழுவலாமா என்றும் இதோடு கேட்பார்கள். மொய்சனைட் தாங்கும். ஆனால் அந்த அதிர்வு, ஏற்கெனவே ஆடும் கல்லை முழுதாகவே கழற்றிவிடும். பிடிகளைப் பார்த்த பிறகு போடுங்கள்.

செட்டியார் தெருவில் கொடுத்து அளவு மாற்ற வேண்டும். பத்தரிடம் என்ன சொல்ல வேண்டும்?

"இது மொய்சனைட், வெள்ளி 925, ரோடியம் பூசியது" என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். செட்டியார் தெருவின் பட்டறைகள் தங்கத்தில் கைதேர்ந்தவை, வெள்ளி வேலையை எல்லோரும் விரும்பி எடுப்பதில்லை. முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கல் சிர்கோனியா என்று நினைத்தால் சூட்டுக்குப் பயந்து கழற்றப் பார்ப்பார்கள், வைரம் என்று நினைத்தால் விலை வேறாகப் பேசுவார்கள்.

மொய்சனைட் பற்றவைப்பின் சூட்டைத் தாங்கும். சூடேறும்போது மஞ்சளாகவோ பச்சையாகவோ நிறம் மாறும், ஆறியதும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். இது தெரியாத பத்தர் கல் கெட்டுவிட்டதென்று கலங்கிப்போவார், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சூட்டோடு தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிடச் சொல்லுங்கள். வெள்ளியில் நெருப்புப் பட்ட இடம் செம்பு ஒட்சைட்டால் கறைபடும், ரோடியமும் கெடும். ஆகவே மெருகேற்றலுக்கும் மறுபூச்சுக்கும் சேர்த்தே கூலி கேளுங்கள்.

அடகுக் கடையில் கருவி வைத்துப் பார்த்தபோது வைரம் என்று காட்டியது. உண்மையிலேயே வைரமா?

சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். சாதாரண வைரம் சோதிக்கும் பேனா, கல் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தைப் பார்க்கிறது. மொய்சனைட்டும் வைரத்தை நெருங்கிக் கடத்துவதால் அந்தப் பேனா ஏமாறும். மின்சாரம் கடத்துவதையும் சேர்த்துப் பார்க்கும் கருவி பெரும்பாலும் பிரித்துச் சொல்லும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் மொய்சனைட்டில் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரண்டு இரண்டாகத் தெரியும், வைரத்தில் தெரியாது. எழுத்தில் உறுதி வேண்டுமென்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையிடம் கட்டணம் செலுத்திக் கல்லைச் சோதிக்கலாம்.

திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? அடகு வைக்கலாமா?

அடகுக் கடைகள் பார்ப்பது தங்கத்தை. வெள்ளியைத் திரும்ப எடுக்கும் கடைகளிலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டு வெள்ளியின் எடைக்குத்தான் விலை சொல்வார்கள். மொய்சனைட்டுக்கு என்று ஒன்றும் தரமாட்டார்கள். எனவே கொடுக்க முடிவு செய்தால், நிறுப்பதற்கு முன்பே கல்லைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளி தேய்ந்திருந்தாலும் கல் தேய்ந்திருக்காது, அதையே புதிய மோதிரத்தில் பதிக்கலாம்.